ஜவ்வாது மலையிற் கண்ட நாடகம்

மலைவளம் காணச் செல்வோர் அருவியும் சோலையும் கண்டு மீள்வர். யாம் சென்ற மாசித் திங்களில் ஜவ்வாது மலைக்குச் சென்று நாடகம் ஒன்று கண்டு மீண்டோம். பேர்பெற்ற நடிகர் நடித்த நாடகம் அன்று அது. மலைமேலுள்ள உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாமே புனைந்து தாமே ஆடிய நாடகம். அதன் நிறைகுறைகளை ஆராய்ந்து எழுதுமாறு இம்மலரின் ஆசிரியர் பணித்தார். பிறர் ஆடிய நாடகத்திற் குறை காண்பது எளிய செயல் என்று எண்ணி இசைந்தோம். எழுதப் புகுந்த பின்னரோ, எம் குறையும் அதனூடு வந்து கலந்துகொண்டது. இரண்டினையும் மறையாது உரைப்போம்.

யாம் மூவர், மூவரும் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர். பாடம் தொல்காப்பியமும் சிலம்பும். பாடம் போக எஞ்சிய பொழுதெல்லாம் படம் எடுத்தல். கைப்பேசி ஒன்று, அதனைத் தாங்கும் முக்காலி ஒன்று, சட்டையிற் குத்திக்கொள்ளும் சிறு ஒலிவாங்கி ஒன்று: இவையே எம் படைக்கலங்கள். பத்து நிமிட அளவிற் குறும்படம் இரண்டு எடுத்திருக்கின்றோம். அவற்றைக் கண்டோர் தொகை இம்மலரைப் படிப்போர் தொகையினும் குறைவே. ஆயினும் செருக்கிற்குக் குறைவில்லை. எதனைக் கண்டாலும், இதனை எங்கு நின்று எடுக்கலாம் என்று எண்ணும் பழக்கம் எம்மைப் பற்றியிருந்தது. அம்மலைப் பள்ளியிற் பணிபுரியும் எம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர், "பிள்ளைகள் நாடகம் போடுகின்றனர், வந்து படம் பிடித்துத் தாருங்கள், தம்பி" என்று அழைத்தார். பிடித்ததனை நறுக்கிச் செப்பனிட்டு, மாணவர் குறும்படப் போட்டி ஒன்றிற்கும் அனுப்பிவிடலாம் என்னும் ஆசை எம் உள்ளத்தில் அப்போதே முளைத்துவிட்டது.

போளூரிற் பேருந்து ஏறினோம். ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சார்ந்தது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களிற் பரந்து கிடப்பது. ஜமுனாமரத்தூர் அம்மலையின் தலைமை ஊர். அங்கு வாழ்வோருட் பெரும்பாலார் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் கண்டு அவரைக் கேரளத்தார் என்று மயங்கற்க. அவர் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சியினின்றும் மலையேறி வந்தவர் என்பது அவர்தம் வழிவழிக் கதை. சாமையும் கேழ்வரகும் விளைத்தும், தேனும் கடுக்காயும் புளியும் சேர்த்தும் வாழ்பவர்.

அம்மலையின் அடிவாரத்தை ஒட்டியுள்ளது செங்கம். பத்துப்பாட்டுள் மலைபடுகடாம் புகழும் நன்னனது செங்கண்மா இதுவே என்பர். 583 அடிகளையுடைய அப்பாட்டிற்குக் கூத்தராற்றுப்படை என்றும் ஒரு பெயர் உண்டு. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தர்க்கு மலைவழியின் இயல்பையும், வழியில் மலைவாழ்நர் அளிக்கும் விருந்தையும் எடுத்துரைப்பதாக அமைந்தது அது. தேர்விற்காக நெட்டுருப் பண்ணிய பாட்டின் நிலத்தைப் பேருந்தின் சன்னலோரத்தில் இருந்து காண்கின்றோம் என்னும் நினைவு எம்மை மகிழ்வித்தது. கூத்தரைத் தேடியன்றோ யாமும் செல்கின்றோம்!

இந்நாடு கூத்திற்குப் பேர்போனது. செய்யாற்றை அடுத்த புரிசையில் தம்பிரான் மரபினர் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்தினை வளர்த்து வருகின்றனர். திரௌபதி அம்மன் கோயில் விழாக்களிற் பாரதக் கதை இரவு முழுதும் ஆடப்பெறும். கூத்திற்கு உயர்ந்த மேடை வேண்டுவதில்லை. இருவர் ஒரு துணியைப் பிடித்து நிற்பர், அதன்பின் வேடம் நின்று பாடும், துணி விலகும், வேடம் தோன்றும். கட்டியக்காரன் கதைக்குள்ளும் இருப்பான். கதையை விட்டு வெளிவந்து அவையோரோடும் பேசுவான். வேலூரிற் பிறந்த நடராஜ முதலியார் 1918-ஆம் ஆண்டளவில் எடுத்த கீசகவதம், தென்னாட்டின் முதற் கதைப்படம் எனப்படுவது. கூத்தர் நெடுங்காலம் ஆடிவந்த பாரதக் கதையையே அவரும் எடுத்துக்கொண்டார். 1931-இற் காளிதாஸ் என்னும் முதற் பேசும்படம் வந்த பின்னரும், தமிழ்ப்படங்கள் பல, மேடை நாடகத்தை நேர் எதிரே நின்று நோக்குவன போன்றே அமைந்தன. படக்கருவி இடம் பெயரவும், நடிப்போர் முகத்தருகே செல்லவும் மெல்ல மெல்லக் கற்றது. அவ்வாறு கற்றதே சினிமாவின் வளர்ச்சி என்று யாம் படித்திருந்தோம். ஆகலின், நாடகத்தைப் படம்பிடிப்பதாயின் முகத்தருகே செல்வதே முறை என்னும் கொள்கையோடு மலையேறினோம்.

இனி அரங்கினைக் கூறுவோம். சிலம்பின் அரங்கேற்று காதை, அரங்கினை ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாகக் கூறும். தூணின் நிழல் ஆடிடத்தில் விழாதவாறு விளக்கு வைத்தலையும் கூறும். இன்றைய படப்பிடிப்பாளர் முதலிற் கற்கும் பாடமும் அதுவே. இப்பள்ளியின் அரங்கோ, வகுப்பறை மேசைகளை முற்றத்தில் நெருக்கிப் போட்டு அவற்றின்மேல் ஜமக்காளம் விரித்தது. எம் காலடியால் அளக்கப் பன்னிரண்டடி அகலமும் எட்டடி ஆழமும் இருந்தது. மேலே இரண்டு குழல்விளக்குகள். அவற்றைத் தாங்கிய மூங்கிலின் நிழல் நடுமேடையிற் குறுக்கே விழுந்தது. விளக்கைச் சற்று நகர்த்துமாறு சொல்ல எழுந்தோம். அதற்குள் நாடகம் தொடங்கிற்று. பிள்ளைகளோ அந்நிழலை ஒரு சுவராகக் கொண்டு, அதற்கு இப்புறம் வீடு, அப்புறம் சாலை என்று வகுத்துக்கொண்டனர். நாடகம் முடியுமளவும் எவரும் அச்சுவரை மறந்து நடக்கவில்லை. வாயிலென்று குறித்த இடத்தில் மட்டும் கால் தூக்கி வைத்தனர். நகர்த்தச் சொல்லாதது நன்றாயிற்று.

படுதாவும் இல்லை. கூத்திற் போல இரு சிறுமியர் ஒரு போர்வையைப் பிடித்து நின்றனர். கை சோர்ந்த பொழுதெல்லாம் போர்வை தாழும், பின்னே வேடம் புனைவோர் தலை தெரியும், அவையோர் நகைப்பர், சிறுமியரும் நகைத்து மீண்டும் உயர்த்துவர்.

நாடகத்திற்குப் பெயர் இட்டாரில்லை. "ஒன்பதாம் வகுப்பு நாடகம்" என்றே அறிவித்தனர். கதை சிறிது. மழை பொய்த்துச் சாமை கருகுகின்றது. கடன் கொடுத்தவன் வாயிலில் வந்து நிற்கின்றான். அடிவாரத்தினின்றும் வந்த தரகன் ஒருவன், ஆந்திரத்துக் காட்டில் மரம் வெட்டினாற் பத்து நாளிற் கைநிறையப் பணம் என்கின்றான். தந்தை இரவோடிரவாக லாரி ஏறுகின்றான். மகன் ஆடு மேய்த்துக்கொண்டு நாள்தோறும் சாலையைப் பார்த்திருக்கின்றான். தந்தை மீளவில்லை. இறுதியில் அதிகாரி ஒருவர் தோன்றிக் கல்வியின் சிறப்பினை விரித்துரைக்க, மகன் பள்ளிக்குச் செல்கின்றான்.

இது வெறுங்கதை அன்று என்பதனைத் தமிழ்நாட்டார் அறிவர். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டிலே தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் அம்மாநிலக் காவற்படையினராற் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்ட வந்து தம்மைத் தாக்கினர் என்பது படையினர் கூற்று. அவர்களை முன்னரே பிடித்துக் கொண்டுபோய்க் கொன்றனர் என்பது மனித உரிமை இயக்கத்தார் கூற்று. இறந்தோருள் ஜவ்வாது மலையினரும் இருந்தனர். சந்தனத்திற்குப் பெயர்பெற்ற மலையின் மக்கள், பிறர் மலையின் செம்மரத்திற்குக் கோடரி தூக்கிச் செல்ல நேர்ந்தது இரங்கத்தக்கது. இன்று ஒன்பதாம் வகுப்பிற் பயில்வோர் அப்போது சிறு குழந்தைகள்; பத்திரிகையிற் படித்தன்று, வீட்டிலே கேட்டு அறிந்தவர். அவர்தம் நாடகம் அந்நிகழ்ச்சியைப் பெயர் சொல்லிச் சுட்டவில்லை. மேடைமேல் துப்பாக்கி ஒன்றும் தோன்றவில்லை. லாரி மட்டுமே வந்தது. பிள்ளைகள் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டமை மிகச் சிறந்த நாடக அறிவு என்பது எம் துணிபு.

நடிப்பினைக் கூறுமிடத்து, பிள்ளைகள் மேடையேறுதல் தமிழ்நாட்டிற்குப் புதிது அன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களைக் கொண்டே நாடகங்கள் நடத்தினார். அச்சிறுவர் பாட்டும் உரையும் ஆசிரியர் வாயிலாகக் கடும்பயிற்சியாற் பெற்றவர். இம்மலைச் சிறுவர்க்கோ ஆசிரியரும் தாமே, உரை வகுத்தோரும் தாமே. தரகனாக வந்தவன் கருப்புக் கண்ணாடி அணிந்து, கைப்பேசியிற் பேசிக்கொண்டே கடன்பட்டானோடும் பேசினான். எச்சொல் எவர்க்கு என்பது விளங்காமல் ஏழைத் தந்தை விழித்தது மிகவும் நயமுடையது. ஆட்டுக்குட்டி ஒன்று மெய்யாகவே மேடையேறிற்று. தன் பகுதியைப் பிழையின்றி நடித்தது அது ஒன்றே. மனைவியாக வந்த சிறுமி அவைக்கு முதுகு காட்டி அமர்ந்தாள். மேடை இலக்கணப்படி அது பிழை. ஆயினும் பக்கத்தே நின்ற எம் கருவிக்கு அவள் முகம் தெரிந்தது. ஒருவரும் காணாத அவ்விடத்தும் அவள் வெறுஞ்சட்டியைக் கிளறிக்கொண்டே, இருக்கும் சோறு எத்துணைப் பேர்க்கு வரும் என்று உதட்டால் எண்ணிக்கொண்டிருந்தாள். அவையோர் காணாத ஒன்றினைக் கருவி கண்ட இடம் இது. சினிமாவின் தனிச்சிறப்பினை இங்கே மறுப்பார் இலர்.

குறைகளும் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் தமிழாசிரியராய் விளங்கிய பரிதிமாற் கலைஞர் 1897-இல் நாடகவியல் இயற்றி நாடகத்திற்கு இலக்கணம் வகுத்தார். அத்தகைய இலக்கணக் கோல் கொண்டு அளந்தால் இந்நாடகம் பல இடங்களில் தேறாது. காட்சிக்குக் காட்சி திரைப்பாட்டுகளை ஒலிபெருக்கியில் முழக்கினர். துயரைப் பிள்ளைகளே உண்டாக்கியிருக்க, அதன்மேல் வாங்கி வந்த துயரைப் பூசியது போலாயிற்று. ஒலிவாங்கி ஒன்றே இருந்தமையால், பேசுவோர் கைக்கு அது மாறிக்கொண்டே இருந்தது. கடன்காரன் சினந்து கையோங்கி வருங்கால், அடிபட வேண்டியவனே அவன் வசை கேட்கும் பொருட்டு ஒலிவாங்கியை அவன்பால் நீட்டினான். ஒலிவாங்கியை அகற்றி, அவையை நெருங்கி அமரச் செய்திருப்பின் இவ்விடர் இராது.

பெருங்குறை இறுதிக் காட்சியே. அதிகாரி வேடமிட்ட மாணவன், எவரோ பெரியவர் எழுதிக் கொடுத்த நெடும்பேச்சினைத் தூய செந்தமிழில் ஒப்பித்தான். அதுவரை மலைத்தமிழில் உயிரோடு உலாவிய நாடகம் அங்கே பாடப்புத்தகமாய் விறைத்து நின்றது. செந்தமிழ் பயில்வோரும் செந்தமிழில் இதனை எழுதுவோருமாகிய யாம் இக்குறை சொல்வது நகைப்பிற்கு இடம் தரலாம். ஆயினும் உண்மை அதுவே. தந்தையை இழந்த பிள்ளைக்கு அவ்விரவில் வேண்டுவது அறிவுரை அன்று.

இனிச் சொல்லப் புகுவது நாடகத்தின் நடுப்பகுதியில் நிகழ்ந்தது. தந்தை மலையிறங்கும் இரவு. குழல்விளக்கு ஒன்றினை அணைத்தனர். இரு சிறுவர் ஆளுக்கொரு டார்ச்சு விளக்கேந்தித் தோளோடு தோள் நெருங்கி, வாயால் உறுமிக்கொண்டு மெல்ல வந்து நின்றனர். அதுவே லாரி. தந்தையாகிய சிறுவன், மையால் மீசை எழுதி, தன் தகப்பனாருடைய சட்டையை அணிந்திருந்தான். கோடரியைத் தோளில் வைத்து, உறங்கும் மகனைக் குனிந்து ஒருமுறை நோக்கி, நிழற்சுவரைக் கடந்து சாலைப்புறம் கால் வைத்தான். அவ்வேளை, அவையின் முன்வரிசையிலே தரையில் அமர்ந்திருந்த மூதாட்டியார் ஒருவர், "சோறு தின்னுட்டுப் போடா, கண்ணு" என்று உரக்கக் கூறினார்.

அவை நகைத்தது. லாரியாகி நின்றோரும் நகைத்தனர். தந்தையாகி நின்றவன் நகைக்கவில்லை. அவ்விடத்தில் அவனுக்குப் பேச்சும் இல்லை, செயலும் இல்லை. லாரி ஏறி மறைவதே அவன் பகுதி. அவன் சற்றே நின்றான். பின் கோடரியைக் கீழே வைத்தான். வாயிலிற் கால் தூக்கி வைத்து மீண்டும் வீட்டுப்புறம் வந்து சம்மணமிட்டு அமர்ந்தான். மனைவியாகிய சிறுமி ஒரு கணம் திகைத்தாள். உடனே எழுந்து, வெறுஞ்சட்டியிலிருந்து அள்ளி அவன் முன்னே இட்டாள். அவன் உண்டான். கை கழுவினான். லாரி உறுமாமற் காத்து நின்றது. நகைத்த அவை அடங்கிவிட்டது. அவன் எழுந்து, மூதாட்டியார் இருந்த திசையை நோக்கித் தலையசைத்துவிட்டு, லாரி ஏறிச் சென்றான்.

எவரும் எழுதாத அவ்வொரு நிமிடமே நாடகத்தின் உயிராயிற்று. திருமறையில் இளைய குமாரன் உவமையை யாம் சிறு பருவம் முதற் கேட்டு வந்திருக்கின்றோம். அதிலே தந்தை விருந்து செய்வது மகன் மீண்டு வந்த பின்னர். இம்மூதாட்டியாரோ, மீள்வது உறுதி இல்லை என்று அறிந்தார் போல, போகும் முன்னரே உண்ணச் சொன்னார்.

இதனை இத்துணைத் தெளிவாக எழுத முடிவது, எம்முள் ஒருவர் அப்போது கருவி ஏதுமின்றி மாணவரோடு தரையில் அமர்ந்திருந்தமையால். கருவியின் கண்ணாடியிற் கண் வைத்திருந்த மற்றை இருவர்க்கும் நிகழ்ந்தது வேறு. கோடரி தூக்கிய சிறுவன் முகம் சட்டகம் நிறையத் தெரிந்தது. அம்முகத்தின் துயரைப் பற்றிவிட வேண்டும் என்று மேலும் மேலும் அண்மையிற் சென்றோம். முகம் திகைத்தது, பின் கீழிறங்கிக் காணாமற் போயிற்று. அதனைத் தேடிப் பிடிப்பதற்குள் அவன் உண்டு முடித்துவிட்டான்.

விடுதிக்கு மீண்டு, படத்தைத் தொகுக்க அமர்ந்த இரவில் எம் பிழை புலப்பட்டது. சட்டையிற் குத்திய ஒலிவாங்கி அச்சிறுவன் மூச்சினையும் நன்கு பற்றியிருந்தது. மூதாட்டியார் குரலோ தொலைவில் எழுந்த இரைச்சலாய்ப் போயிற்று. அவையின் நகைப்பு மட்டும் கேட்டது. படத்தைப் புதிதாய்க் காண்பார்க்கு, பாவம், இச்சிறுவன் பாடம் மறந்து விழித்தான், அவையோர் எள்ளி நகைத்தனர் என்றே தோன்றும். நாடகத்தின் தலைசிறந்த நிமிடம் எம் படத்திற் பெரும்பிழையாய் நின்றது. அதனை வெட்டி எறிந்தோம்; எறிந்தால் நாடகம் உயிரிழந்தது. மீண்டும் சேர்த்தோம், சேர்த்தாற் சிறுவன் நகைப்பிற்குரியவன் ஆனான்.

பங்குனியில் மீண்டும் மலையேறினோம். பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டவே செல்வதாகச் சொல்லிக்கொண்டோம். வகுப்பறையின் சுண்ணச்சுவரிற் புரொஜெக்டர் கொண்டு காட்டினோம். அரசுப் பள்ளிகளில் 2022-ஆம் ஆண்டு, சிறார் திரைப்படங்களைக் காட்டி அவை குறித்து உரையாடச் செய்யும் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. படம் முடிந்தவுடன் அஞ்சாது வினவும் பழக்கம் இப்பிள்ளைகளுக்கு அதனாற் கைவந்தது போலும். போர்வை பிடித்த சிறுமி முதலில் எழுந்து, "நாங்க எங்கேண்ணா?" என்றாள். டார்ச்சு பிடித்தவன், "லாரி வரவே இல்லையே, அவன் எதுல ஏறிப் போறான்?" என்றான். பின்னிருந்து ஒரு குரல், "ஆயா எங்கே?" என்றது. தந்தை வேடமிட்டவன் எல்லார்க்கும் இறுதியாக, சுவரைப் பார்த்தபடியே, "நான் மறந்துட்ட மாதிரி இருக்குதுண்ணா. நான் மறக்கல" என்றான்.

மூன்று வினாக்கும் விடை இல்லை. நான்காவது வினாவும் அன்று. எம் கல்லூரியில் எம் படங்களைக் குறித்து எவரும் இத்துணைச் செம்மையாய்த் திறனாய்ந்ததில்லை.

இவ்வளவிலேனும் அடங்கியிருக்க வேண்டும், அடங்கினோமில்லை. அந்நிமிடத்தை மீண்டும் நடிக்கச் செய்து, இம்முறை செவ்வனே எடுத்துவிடலாம் என்றோம். மெய்யாய் மலையேறியது அதன் பொருட்டே. சிறுவன் மறுக்காது மீசை எழுதிக்கொண்டு வந்தான். மூன்று முறை கோடரியை வைத்தான். மூன்று முறை உண்டான். முதல் முறை விரைந்தான். இரண்டாம் முறை எம்மைப் பார்த்தான். மூன்றாம் முறை மிக அழகாய் உண்டான். தான் அழகாய் உண்பது அவனுக்கே தெரிந்துவிட்டது. குரல் இல்லாமையாற்றான் உயிர் இல்லை என்று எண்ணி, பள்ளியை அடுத்திருந்த அம்மூதாட்டியார் வீட்டிற்குச் சென்றோம். உடன் வந்த ஆசிரியர் தயங்கினார்; யாம் தயங்கவில்லை. அன்று கூறியதனை மீண்டும் ஒருமுறை வந்து கூறுமாறு வேண்டினோம். அவர் புளி உடைத்துக்கொண்டிருந்தார். எம்மை ஏற இறங்கப் பார்த்து, "அன்னிக்கு அவன் தின்னாமப் போனான், சொன்னேன். அதான் தின்னுட்டானே" என்று கூறிவிட்டு மீண்டும் புளி உடைக்கலானார்.

யாம் முக்காலியை மடக்கினோம். திரும்பும் வழியில் ஆசிரியர், "அந்த வீட்டிலிருந்தும் ஒருவர் இறங்கிப் போனவர்தாம்" என்று மட்டும் கூறினார். அவர் மீண்டாரா என்று யாம் வினவவில்லை. வினவும் உரிமை எமக்கு இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

மெய்ப்பாட்டியலைப் பயிலுங்கால், நடிப்போன் உணர்வு காண்போரைச் சென்றெய்தும் முறையினை உரையாசிரியர் ஆராய்வதை யாம் படித்திருக்கின்றோம். அது மேடையினின்றும் அவைக்குப் பாயும் ஒருவழி ஓட்டம் என்றே கொண்டிருந்தோம். அன்றிரவு அது எதிர்முகமாய் ஓடிற்று. காண்போர் உணர்வு நடிப்போனைச் சென்றெய்தியது. அவன் அதனை உண்டு, அவைக்கே திருப்பித் தந்தான். கட்டியக்காரன் கதையை விட்டு வெளிவந்து அவையோடு பேசும் நாட்டிலே, அவையிலிருந்து ஒருவர் கதைக்குட் புகுந்து பேசுவது இயல்பே. யாம் அதனை இடையூறு என்று எண்ணினோம். சிறுவன் அதனைத் தன் நாடகம் என்று எடுத்துக்கொண்டான். யாமும் சிறு வயதில் ஆலயத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தலையில் துண்டு கட்டி மேய்ப்பராய் நின்றவரே. தேவதூதனை நோக்க வேண்டிய கண் அன்னையைத் தேடிற்று; அன்னையும் கையசைத்தார். பள்ளி நாடகத்தின் பாதி எப்பொழுதும் அவையில் அமர்ந்திருக்கின்றது என்பதனை யாம் முன்னரே அறிந்திருந்தோம். கருவி கைக்கு வந்தபின் மறந்தோம்.

அண்மைக் காட்சி தீது என்பது எம் கருத்தன்று. வெறுஞ்சட்டி கிளறிய சிறுமியின் முகத்தை அஃதன்றோ காட்டிற்று. அருகே செல்லுமுன், எதனை விட்டுச் செல்கின்றோம் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தல் வேண்டும் என்பதே யாம் கற்றது.

எம் படத்தைப் போட்டிக்கு அனுப்பவில்லை. நறுக்காத முழுப்படத்தையும் பள்ளிக்கே கொடுத்தோம். ஒன்று மட்டும் செய்தோம். சிறுவன் திகைத்து நிற்கும் இடத்தில், மூதாட்டியார் கூறிய சொற்களை அப்படியே எழுத்தாற் படத்தின்மேற் பொறித்தோம். அவன் மறக்கவில்லை என்பது இனிக் காண்பார் எல்லார்க்கும் விளங்கும். படத்திற்கு அதனால் அழகு கூடவில்லை. அவனுக்குப் பட்ட கடன் ஒருவாறு தீர்ந்தது.

மீளும்போது ஆலங்காயம் வழியே இறங்கினோம். வழியிற் காவலூர். அங்கே மரங்களுக்குமேல் வானாய்வகத்தின் வெண்கூடம் தோன்றிற்று. 1986-இல் வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞர் பெயர் சூட்டப்பெற்ற 2.3 மீட்டர் தொலைநோக்கி அதனுள் உள்ளது. எட்டா விண்மீன்களை அண்மையிற் கொணரும் ஆடி அது. எம் கையிலிருந்த ஆடியும் அத்தொழிலே செய்வது. விண்மீனுக்கு அது வேண்டும். மூன்று முழத்தொலைவில் அமர்ந்திருந்த மூதாட்டியாரைக் காண எமக்கு அது வேண்டியிருக்கவில்லை.

படக்கருவி ஏந்திப் பள்ளி நாடகம் காணச் செல்லும் எம் கல்லூரித் தோழர்காள்! அந்நாட்டு வழக்கப்படி, மீண்டவர் செல்வார்க்கு வழி கூறுதல் வேண்டும், ஆகலின் கூறுகின்றோம். முக்காலியை அவைக்குப் பின்னே நிறுத்துங்கள். மேடையோடு, முன்வரிசையில் இருப்போர் தலையும் சட்டகத்துள் அமையட்டும். போர்வை பிடிப்போரை விட்டுவிடாதீர். ஒலிவாங்கி இரண்டு இருப்பின், ஒன்றினை அவைக்கு அளியுங்கள். ஒன்றே இருப்பின், உங்களுள் ஒருவர் வெறுங்கையராய்த் தரையில் அமருங்கள். மலைமேல் விருந்திற்குக் குறைவில்லை, சாமைச்சோறு இடுவர். உண்டுவிட்டுச் செல்லுங்கள்.